ஆன்லைன் சந்தையில் விற்றால் உண்மையில் எவ்வளவு லாபம் நிற்கும்?

400க்கு வாங்கிய பொருளை 1,100க்கு விற்றால் 700 லாபம். ஆன்லைன் சந்தைகளில் கடை போடுகிற பலரும் முதலில் போடும் கணக்கு இதுதான். சில மாதங்கள் போகும், ஆர்டர்கள் நன்றாகவே வரும், தளத்தின் திரையில் விற்பனைக் கோடு ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் அடுத்த சரக்கு எடுக்க வங்கியில் பணம் இருக்காது. எங்கே போயிற்று என்று தேடினால் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். பிடித்தம் ஒவ்வொன்றும் விற்பனையாளர் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதியதாகத்தான் இருக்கும். கோளாறு அந்த முதல் கணக்கில் இருக்கிறது.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை அடியிலிருந்து சரியாகப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை, எந்த நாட்டுப் பணமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணங்களின் அளவு தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும். கணக்கு போடும் விதம் மாறாது.

## முதலில் நான்கு சொற்கள்

1. அடக்க விலை. கொள்முதல் விலையோடு, பொருள் நம் கிடங்குக்கு வந்து சேரும் வரை ஆன எல்லாச் செலவும் சேர்ந்தது: வண்டிக் கூலி, இறக்குமதி என்றால் சுங்க வரி, வழியில் உடைந்தவற்றின் இழப்பு. 100 வாங்கி 4 உடைந்து வந்தால் மொத்தச் செலவை 96ஆல் வகுக்க வேண்டும், 100ஆல் அல்ல.

2. நிகர விற்பனை. வாங்குபவர் கொடுக்கும் தொகையில் விற்பனை வரியைக் கழித்தது. வரி நம் பணமே இல்லை, அரசுக்காக வாங்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். விலையில் வரி அடங்கியிருந்தால் அதைப் பிரிப்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 10% வரி அடங்கிய 1,100இல் வரி 110 என்று தோன்றும். ஆனால் 1,100ஐ 1.1ஆல் வகுத்தால் 1,000 வரும், ஆகவே வரி 100.

3. மார்க்அப், மார்ஜின். மார்க்அப் என்பது அடக்க விலையின் மேல் எத்தனை சதவீதம் ஏற்றினோம் என்பது. மார்ஜின் என்பது விற்ற விலையில் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்பது. 50க்கு வாங்கி 100க்கு விற்றால் மார்க்அப் 100%, மார்ஜின் 50%. "இந்தப் பொருளில் நூறு சதவீத லாபம்" என்று மொத்த வியாபாரி சொன்னால் அவர் மார்க்அப்பைச் சொல்கிறார். தளத்தின் கமிஷனோ விற்ற விலையின் மேல் வரும். மார்க்அப்பைக் கமிஷனோடு ஒப்பிட்டால் லாபம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

4. ஆர்டர் மிச்சம். ஒரு ஆர்டர் கூடுதலாக வந்தால் கூடுதலாக ஆகும் செலவுகளை எல்லாம் கழித்த பிறகு நிற்பது. வணிகவியலில் பங்களிப்பு என்று சொல்வார்கள். வாடகை, சம்பளம் போல ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவுகள் இதில் சேராது, அவற்றை மாதக் கடைசியில் தனியாகக் கழிப்போம்.

## தளங்கள் எதற்கெல்லாம் பணம் பிடிக்கின்றன

1995இல் ஈபே தொடங்கிய காலத்திலும், 2000 நவம்பரில் அமேசான் வெளி விற்பனையாளர்களைத் தன் தளத்துக்குள் விட்டபோதும், இந்த வியாபார முறை எளிமையாக இருந்தது: பட்டியலிட ஒரு கட்டணம், விற்றால் ஒரு கமிஷன். இன்று அந்தக் கமிஷன் பல பிடித்தங்களில் ஒன்று. 2006இல் அமேசான் விற்பனையாளரின் சரக்கைத் தன் கிடங்கில் வைத்து, பேக் செய்து, அனுப்பிக் கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. அதன் பிறகு கிடங்கு வாடகை, அனுப்பும் கட்டணம், சரக்கு தேங்கினால் கூடுதல் கட்டணம் என்று ஒரு தனி அடுக்கே உருவானது. அப்புறம் விளம்பரம் வந்தது.

இப்போது பெரும்பாலான தளங்களில் காணப்படுபவை:

1. கமிஷன். பொருள் வகையைப் பொறுத்த சதவீதம். பல வகைகளுக்கு 8 முதல் 15 வரை இருப்பது சாதாரணம்.
2. ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம், அல்லது பட்டியலிடும் கட்டணம்.
3. பணப் பரிவர்த்தனைக் கட்டணம். சில தளங்களில் கமிஷனுக்குள் அடங்கும், சிலவற்றில் தனி.
4. டெலிவரி, கிடங்கு.
5. ரிட்டர்ன் கையாளும் கட்டணம்.
6. விளம்பரம்.

கமிஷன் சதவீதத்தைப் பார்க்கும்போதே, அது எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். கைவினைப் பொருள்களுக்குப் பெயர்போன எட்ஸி தளம் தன் பரிவர்த்தனைக் கட்டணத்தை 2018இல் 3.5%இலிருந்து 5% ஆக்கியது, 2022 ஏப்ரலில் 6.5% ஆக்கியது. இரண்டாவது உயர்வு பெரிய செய்தியானது, விற்பனையாளர்கள் பலர் சேர்ந்து ஒரு வாரம் கடைகளை மூடிப் போராடினார்கள். 2018 மாற்றத்தில் அதே அளவு முக்கியமான இன்னொன்று இருந்தது: அதுவரை பொருள் விலையின் மேல் மட்டும் வந்த கட்டணம், வாங்குபவர் கொடுக்கும் டெலிவரித் தொகையின் மேலும் வரத் தொடங்கியது. டெலிவரிக்கென்று வாங்கிய பணத்தை அப்படியே கூரியருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கும் கட்டணம் கட்டுகிறோம். வரி சேர்ந்த முழுத் தொகையின் மேல் கமிஷன் போடும் தளங்களும் உண்டு. அப்போது நிகர விற்பனையோடு ஒப்பிட்டால், 10% வரி உள்ள பொருளுக்கு 15% கமிஷன் என்பது 16.5% ஆகிவிடும்.

## ஒரு ஆர்டரின் கணக்கு

நம் பொருளுக்கு வருவோம். வாங்குபவர் கொடுப்பது 1,100. வரி 100 போக நிகர விற்பனை 1,000. கழிவுகள் இப்படி:

1. அடக்க விலை 400
2. கமிஷன், 1,100இல் 15%: 165
3. ஆர்டர் கட்டணம் 20
4. பணப் பரிவர்த்தனை, 1,100இல் 2%: 22
5. டெலிவரி 120
6. பெட்டி, டேப், நிரப்பும் பொருள், பேக் செய்யும் கூலி: 25

மொத்தம் 752. ஆர்டர் மிச்சம் 248, அதாவது நிகர விற்பனையில் 24.8%. முதல் கணக்கில் 700 என்று தெரிந்தது இப்போதே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, இன்னும் ரிட்டர்னையும் விளம்பரத்தையும் தொடவே இல்லை.

இதில் டெலிவரித் தொகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குறைக்க வழி இருக்கிற இடம் அது. கூரியர்காரர்கள் உண்மையான எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான முறை. 40 × 30 × 20 பெட்டி என்றால் 24,000 ÷ 5,000 = 4.8 கிலோ. உள்ளே இருப்பது 1 கிலோவாக இருந்தாலும் 4.8 கிலோவுக்குத்தான் பணம். அதே பொருள் 30 × 25 × 15 பெட்டியில் அடங்கினால் 2.25 கிலோ. கமிஷனை யாரும் குறைத்துத் தரப் போவதில்லை, பெட்டியை மட்டும் நாமே குறைக்கலாம். புதிய பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

## ரிட்டர்ன்: ஒன்று திரும்பினால் இரண்டின் லாபம் போகும்

லாபக் கணக்குகள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். ரிட்டர்ன் வந்தால் அந்த விற்பனை இல்லாமல் போகிறது, கணக்கு பூஜ்யத்துக்கு வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகிறது.

ஒரு பொருள் திரும்பினால் நமக்குத் திரும்பாத செலவுகள்:

1. போன டெலிவரி 120
2. திரும்பி வரும் டெலிவரி 80
3. பேக்கிங் 25
4. ஆர்டர் கட்டணம் 20, பரிவர்த்தனைக் கட்டணம் 22
5. கமிஷனில் தளம் பிடித்துவைக்கும் பகுதி. பணத்தைத் திருப்பித் தரும்போது கமிஷனில் ஒரு பங்கை நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. 20% என்று வைத்தால் 33.

கூட்டினால் 300. பொருள் எந்த நிலையில் திரும்புகிறது என்பது அடுத்த கேள்வி. பிரித்த உறை, சிறு கீறல், காணாமல் போன உதிரி பாகம் என்று பாதியைப் புதிதாக விற்க முடியாத நிலை என்றால், சராசரியாக 400இல் பாதி, 200 போகிறது. ஆக ஒரு ரிட்டர்னின் இழப்பு 500. ஒரு நல்ல ஆர்டரின் மிச்சம் 248 என்பதால், திரும்பும் ஒவ்வொரு பொருளும் இரண்டு நல்ல ஆர்டர்களின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

100 ஆர்டர் அனுப்பினோம், 10 திரும்பின. 90 × 248 = 22,320. அதில் 10 × 500 = 5,000 போக 17,320. நிகர விற்பனை 90,000. மார்ஜின் 24.8%இலிருந்து 19.2%க்கு இறங்கிவிட்டது. 20 திரும்பினால் 19,840 − 10,000 = 9,840, அதாவது 80,000இல் 12.3%. 25 திரும்பினால் 8.1%. மூன்றில் ஒன்று திரும்பும் நிலை வந்தால் மிச்சமே இல்லை.

ஆகவே "விற்றது எத்தனை" என்ற எண்ணை வைத்து லாபம் பார்ப்பதில் அர்த்தமில்லை. வாங்கியவர் வைத்துக்கொண்டது எத்தனை என்பதை வைத்துத்தான் கணக்கு நிற்கும். துணி, காலணி போல அளவு பார்த்து வாங்கும் பொருள்களில் ரிட்டர்ன் விகிதம் மற்றவற்றைவிட எப்போதும் அதிகம். அவற்றை விற்பவர் அதே 24.8%ஐ நம்பி இறங்கினால் தாங்காது. கொடுத்த முகவரியில் ஆள் இல்லாமல் திரும்பி வருவதும் கிட்டத்தட்ட இதே செலவுதான், பெட்டி பிரிக்கப்படாமல் வருவது மட்டும் ஆறுதல்.

ரிட்டர்னைக் குறைக்கும் வேலை பெரும்பாலும் பொருள் பக்கத்தை எழுதும்போதே நடக்கிறது. அளவு அட்டவணை, உண்மையான நிறம் தெரியும் படம், பெட்டிக்குள் என்ன இருக்கும் என்ன இருக்காது என்ற தெளிவான வரி. அழகாகக் காட்டிப் பத்து ஆர்டர் கூடுதலாக வாங்கி, அதில் ஐந்து திரும்பினால் 5 × 248 = 1,240 வருகிறது, 5 × 500 = 2,500 போகிறது. கூடுதல் ஆர்டரால் நஷ்டம் கூடியிருக்கிறது.

## விளம்பரம்

அமேசான் 2023இல் விளம்பரத்திலிருந்து மட்டும் சுமார் 47 பில்லியன் டாலர் வருவாய் காட்டியது. விற்பனையாளர் சேவைகளிலிருந்து அதே ஆண்டில் வந்தது சுமார் 140 பில்லியன். தேடல் முடிவுகளின் மேல் வரிசைகளில் விளம்பரங்கள் இருக்கும் தளத்தில், பணம் கட்டாமல் புதுப் பொருள் கண்ணில் படுவது கடினம். இதை விருப்பச் செலவு என்று நினைத்து லாபக் கணக்குக்கு வெளியே வைப்பது தவறு.

கிளிக்குக்குக் கட்டணம் என்பதுதான் வழக்கமான முறை. ஒரு கிளிக் 8, நூறு பேர் கிளிக் செய்தால் 5 பேர் வாங்குகிறார்கள் என்றால், ஒரு ஆர்டருக்கு 20 கிளிக், அதாவது 160.

தளத்தின் திரை இதை எப்படிக் காட்டும்? விளம்பரச் செலவை விளம்பரத்தால் வந்த விற்பனையால் வகுத்துக் காட்டும். அதை ஏகாஸ் என்பார்கள். 160 ÷ 1,100 = 14.5%. பார்க்கச் சின்ன எண். ஆனால் ரிட்டர்ன் போக, அனுப்பிய ஒவ்வொரு ஆர்டருக்கும் நம்மிடம் இருப்பது 173.20 மட்டுமே (மேலே பார்த்த 17,320 ÷ 100), அதாவது 1,100இல் 15.7%. விளம்பரம் வழி வந்த ஆர்டரில் நிற்பது 13.20. "ஏகாஸ் 30%க்குக் கீழே இருந்தால் நல்லது" போன்ற பொது விதிகளை நம்ப வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். தாங்கக்கூடிய ஏகாஸ் எவ்வளவு என்பதை நம் ஆர்டர் மிச்சம்தான் சொல்லும், வேறு எவருடைய எண்ணும் உதவாது.

எல்லா ஆர்டரும் விளம்பரத்தால் வருவதில்லை. 40% மட்டும் அப்படி வந்தால், எல்லா ஆர்டருக்கும் பரப்பிப் பார்க்கும்போது ஆர்டருக்கு 64. மொத்த விளம்பரச் செலவை மொத்த விற்பனையால் வகுக்கும் இந்தப் பார்வையை டாகாஸ் என்பார்கள், இங்கே அது 5.8%. இப்போது 173.20 − 64 = 109.20. நூறு ஆர்டருக்கு 10,920, நிகர விற்பனை 90,000இல் 12.1%.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நம் பிராண்டு பெயரையே தேடி வருபவர் விளம்பரத்தின் மேல் கிளிக் செய்து வாங்கினால், அதை விளம்பரம் கொண்டுவந்த ஆர்டராகத் தளம் எண்ணும். அவர் எப்படியும் வாங்கியிருப்பார். அந்தச் சொற்களுக்கான விளம்பரத்தை மட்டும் சில வாரம் நிறுத்தி, மொத்த ஆர்டர் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். குறைந்தால், போட்டியாளர் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்று பொருள், திரும்பப் போடலாம்.

சில தளங்களில் விளம்பரம் நம் கையிலேயே இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எட்ஸியில், வெளித் தளங்களில் எட்ஸி போடும் விளம்பரம் வழியாக ஆர்டர் வந்தால் 15% கட்டணம். ஆண்டு விற்பனை 10,000 டாலரை எட்டிய கடைகளுக்கு 12%, அவர்கள் இதிலிருந்து விலகவும் முடியாது. மெல்லிய மார்ஜினில் ஓடும் கடைக்கு அந்த ஆர்டர்கள் நஷ்டத்தில் முடியலாம்.

## மாதக் கணக்கு

மாதம் 500 ஆர்டர் என்றால் 500 × 109.20 = 54,600. இதிலிருந்து ஆர்டர் எண்ணிக்கையோடு ஏறி இறங்காத செலவுகள் போக வேண்டும்: கிடங்கு வாடகை, கணக்காளர், மென்பொருள் சந்தா, படம் எடுக்கும் செலவு, தளத்தின் மாதக் கட்டணம், உதவியாளர் சம்பளம். 30,000 என்று வைப்போம். 24,600 நிற்கிறது. நிகர விற்பனை 4,50,000இல் 5.5%. வருமான வரி இன்னும் பாக்கி.

இதில் ஒரு வரி இல்லாமலே பலரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள்: தன் உழைப்பு. இரவு பன்னிரண்டு மணி வரை பேக் செய்யும் நேரத்துக்கு, வேறொருவரை வைத்தால் என்ன சம்பளம் கொடுக்க வேண்டுமோ அதைப் போட வேண்டும். போட்ட பிறகு மிச்சம் இல்லை என்றால், லாபம் என்று நினைத்தது முழுக்க நம் கூலி.

## தள்ளுபடி ஏன் இவ்வளவு வலிக்கிறது

"10% தள்ளுபடிதானே, விற்பனை ஏறும்" என்று தளத்தின் சிறப்பு விற்பனை நாள்களில் சேர்பவர்கள் உண்டு. விலையை 990 ஆக்கினால் நிகர விற்பனை 900. கமிஷன் 148.50, பரிவர்த்தனை 19.80, மற்றவை மாறாது. மிச்சம் 166.70. விலை பத்து சதவீதம் இறங்க, ஆர்டர் மிச்சம் 33 சதவீதம் இறங்கிவிட்டது. ரிட்டர்னையும் ஆர்டருக்கு 64 விளம்பரத்தையும் கழித்தால் 109.20 இருந்த இடத்தில் சுமார் 37 நிற்கிறது. பழைய லாபத்தை எட்டவே மூன்று மடங்கு ஆர்டர் வேண்டும். தள்ளுபடியால் வாங்குவோர் விகிதம் கூடி, ஆர்டருக்கான விளம்பரச் செலவு குறையலாம். அப்படியே குறைந்தாலும் மூன்று மடங்கு என்பது இரண்டரை ஆகலாமே தவிர பழைய நிலைக்கு வராது.

தள்ளுபடிக்கு நியாயமான இடங்கள் இருக்கின்றன. தேங்கிய சரக்கைக் காலி செய்வது, புதுப் பொருளுக்கு முதல் மதிப்புரைகளைச் சேர்ப்பது, ஒரு முறை வாங்கியவர் மாதாமாதம் வாங்கும் வகைப் பொருள். இவை தவிர்த்து, விற்பனை எண்ணிக்கைக்காகக் கொடுக்கும் தள்ளுபடி பெரும்பாலும் தளத்துக்கும் கூரியருக்கும் செய்யும் வேலையாகத்தான் முடிகிறது.

மறுபக்கமும் இதே வேகத்தில் வேலை செய்யும். விலையை 10% ஏற்றி 1,210 ஆக்கினால் மிச்சம் 248இலிருந்து 329க்குப் போகிறது. சில ஆர்டர்கள் குறைந்தாலும் கையில் நிற்பது கூடக்கூடும். விலையைக் குறைத்துப் பார்க்கும் துணிச்சலில் கால்வாசி விலையை ஏற்றிப் பார்ப்பதிலும் இருக்கலாம்.

## விலை குறைந்த பொருள்களின் சிக்கல்

சதவீதக் கட்டணங்கள் விலையோடு சேர்ந்து இறங்கும். நிலையான கட்டணங்கள் இறங்காது. நிகர விற்பனை 250, அடக்க விலை 100, அதே 40% விகிதம்தான். கமிஷன் 41.25, பரிவர்த்தனை 5.50, ஆர்டர் கட்டணம் 20, டெலிவரி 120, பேக்கிங் 25. கூட்டினால் 311.75. ஒவ்வொரு ஆர்டரிலும் 61.75 நஷ்டம்.

அதே பொருளை நான்கு சேர்ந்த தொகுப்பாக விற்றால், அதே பெட்டியில் அடங்கும் பட்சத்தில், நாம் மேலே போட்ட 248 மிச்சக் கணக்கே அப்படியே வந்துவிடும். சிறு பொருள்களை இந்தச் சந்தைகளில் மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று கட்டாக விற்பதன் காரணம் இதுதான்.

## விலையைப் பின்னாலிருந்து போடுவது

பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை போட்டிருக்கிறார் என்று பார்த்து அதற்குப் பத்து குறைவாக வைப்பதுதான் சாதாரணமாக நடக்கிறது. அவருடைய அடக்க விலை, ரிட்டர்ன் விகிதம், அவர் சரக்கைத் தள்ளிவிட நினைக்கிறாரா என்பது எதுவும் நமக்குத் தெரியாது. சரியான வழி தலைகீழானது:

1. வாங்குபவர் வைத்துக்கொண்ட ஒரு ஆர்டருக்கான நிலையான செலவுகளைக் கூட்டுங்கள். அடக்கம் 400 + டெலிவரி 120 + பேக்கிங் 25 + ஆர்டர் கட்டணம் 20 = 565.
2. ரிட்டர்ன் இழப்பைச் சேருங்கள். 90 நல்ல ஆர்டர்கள் 10 ரிட்டர்னைச் சுமக்கின்றன: 5,000 ÷ 90 = 55.60.
3. விளம்பரத்தையும் அப்படியே: 64 ÷ 0.9 = 71.10. மொத்தம் 691.70.
4. சதவீதக் கட்டணங்களை நிகர விலைக்கு மாற்றுங்கள். கமிஷன் 15%, பரிவர்த்தனை 2%, சேர்த்து 17%. 17% × 1.1 = 18.7%.
5. வேண்டிய மார்ஜினை முடிவு செய்யுங்கள். 15% என்போம்.
6. நிகர விலை = 691.70 ÷ (1 − 0.187 − 0.15) = சுமார் 1,043. வரியோடு 1,148.

12.1%இலிருந்து 15%க்குப் போக விலையை 50க்குள் ஏற்றினால் போதும் என்று இது சொல்கிறது. இதே சூத்திரத்தில் மார்ஜினைப் பூஜ்யமாக்கினால் நிகர விலை 851, வரியோடு 936. இது நம் அடித்தளம். ஒரே பொருளைப் பலர் விற்கும் தளங்களில், போட்டியாளர் விலையைப் பார்த்துத் தானாக விலை குறைக்கும் மென்பொருள்களை வைப்பவர்கள், இந்த எண்ணைக் கீழ் எல்லையாகப் போடாமல் அதை ஓடவிடக் கூடாது. எல்லை இல்லாத இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால், இருவருமே நஷ்ட விலையில் போய் நிற்பார்கள்.

## மார்ஜின் மட்டும் போதாது: போட்ட முதல் எத்தனை முறை சுற்றுகிறது

இரண்டு பொருள்கள். இரண்டிலும் 1,000ஐ முதலாகப் போட்டிருக்கிறோம். முதலாவது ஒரு சுற்றில் 300 தருகிறது, ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறைதான் விற்றுத் தீர்கிறது: 600. இரண்டாவது சுற்றுக்கு 120தான், ஆண்டுக்கு எட்டு முறை தீர்கிறது: 960. மார்ஜின் குறைந்த பொருளே அதிகம் சம்பாதிக்கிறது.

தளத்தின் கிடங்கில் வைத்திருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் தேங்கும் சரக்குக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும், ஆறு மாதம் தாண்டினால் தனிக் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்களும் உண்டு. விற்ற பணமும் உடனே வருவதில்லை. டெலிவரிக்குப் பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நிறுத்தி வைத்துத்தான் செட்டில்மென்ட் செய்வார்கள். மாதம் 4,50,000 நிகர விற்பனை உள்ள கடைக்கு இரண்டு வாரப் பணம் எப்போதும் தளத்திடம் நிற்கிறது என்றால், சுமார் 2,00,000 முடங்கிக் கிடக்கிறது. கடன் வாங்கிச் சரக்கு எடுப்பவர் அந்தத் தொகைக்கான வட்டியையும் செலவில் எழுத வேண்டும். வேகமாக வளரும் கடைகள் லாபம் இருந்தும் பணம் இல்லாமல் முடங்குவது இதனால்தான்: விற்பனை இரட்டிக்கும்போது முடங்கும் தொகையும் இரட்டிக்கிறது.

## செட்டில்மென்ட் அறிக்கையில் பார்க்க வேண்டியவை

கணக்கு சரியாகப் போட்டும் கையில் வருவது குறைகிறது என்றால், அறிக்கையை வரி வரியாகப் பிரிக்க வேண்டும். அடிக்கடி சிக்கும் இடங்கள்:

1. பொருள் வகை. தவறான வகையில் பட்டியலிட்டிருந்தால் அதிகக் கமிஷன் போகும். 10% வகையில் இருக்க வேண்டியது 15% வகையில் கிடந்தால், நம் உதாரணத்தில் ஆர்டருக்கு 55 வீண்.
2. எடையும் அளவும். தளமோ கூரியரோ அளந்து பதிந்த எண்ணும் நம் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அளவுகோலை வைத்து எடுத்த படம் கையில் இருந்தால்தான் முறையிட முடியும்.
3. திரும்பாத ரிட்டர்ன். வாங்கியவருக்குப் பணம் போயிருக்கும், பொருள் நம் கைக்கு வந்திருக்காது.
4. கமிஷன் வரவு. ரிட்டர்னுக்குத் திருப்பித் தர வேண்டிய கமிஷன் உண்மையிலேயே கணக்கில் ஏறியதா.
5. கட்டணங்களின் மேல் வரி. தளம் தன் கட்டணங்களுக்கு வரி போட்டிருந்தால், வரிப் பதிவு உள்ளவர் பல இடங்களில் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது நேரடிச் செலவு, மேலே உள்ள சதவீதங்களில் அதைச் சேர்க்க வேண்டும்.

இந்த முறையீடுகளுக்குத் தளங்கள் காலக்கெடு வைத்திருக்கின்றன. அது முடிந்தால் தவறு தளத்தின் பக்கம் இருந்தாலும் பணம் வராது. ஆகவே ஆண்டுக் கடைசியில் கணக்காளரிடம் மொத்தமாகக் கொடுப்பதற்கு வைக்காமல், ஒவ்வொரு செட்டில்மென்ட் வந்ததும் அந்த வாரமே ஆர்டர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.